சிள்வண்டு கழற்றிப் போட்ட சட்டை

சிள்வண்டைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். வெயில் ஏறியதும் எங்கிருந்தோ இரைச்சல் கிளம்பும். மரத்தடியில் போய் அண்ணாந்து நின்றால் சட்டென்று அடங்கிவிடும். நாலடி விலகினால் மறுபடி தொடங்கும். கழுத்துவலிதான் மிச்சம். ஆனால் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுகிற அதே பூச்சி, தன் பழைய உடம்பின் முழு அச்சையும் நம் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் மரமேறியிருக்கும். அதை நாம் விளக்குமாற்றால் தட்டிவிடுகிறோம்.

எனக்குப் பாட்டைவிட அந்தக் கூடுதான் பிடிக்கும். பாட்டில் இருப்பது ஒரே சேதி: நான் இங்கே இருக்கிறேன், வா. கூட்டில் படிப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் அது ஒட்டாத இடம் குறைவு. தண்ணீர்க் குழாய், வேலிக் கம்பி, எலுமிச்சை இலையின் அடிப்பக்கம், சுவரின் சொரசொரப்பான பகுதி, ஒரு தடவை மண்வெட்டிக் காம்பில்கூட. வெளிர்பழுப்பு நிறம், ஊதினால் பறந்துவிடும் கனம், ஆனால் பிடித்த இடத்தை விடாது. என் மகள் சின்னவளாக இருந்தபோது அவற்றைப் பொறுக்கித் தன் சட்டையில் வரிசையாக மாட்டிக்கொண்டு திரிவாள். நகங்கள் அவ்வளவு கூர்மை, ஓடினாலும் விழாது. ஒருநாள், "அப்பா, இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள். சாகவில்லை, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்றேன். "அப்ப ஏன் கண்ணையும் விட்டுட்டுப் போச்சு?" என்றாள்.

நல்ல கேள்வி. பூச்சிக்கு உள்ளே எலும்பு கிடையாது. வெளித்தோல்தான் அதற்கு எலும்பு, கவசம், உருவம் எல்லாம். கைட்டின் என்ற பொருளும் புரதமும் சேர்ந்து இறுகிய அந்தத் தோல் உடம்பு முழுவதையும் மூடியிருக்கிறது, கண்களையும் விட்டுவைக்காமல். இறுகிய தோல் வளராது. அதனால் உள்ளே வளர்கிற உடம்பு அடியில் புதுத்தோல் ஒன்றை மடித்துத் தயார் செய்துகொண்டு பழையதைப் பிளந்து வெளியே வர வேண்டும். அப்போது கண்ணின் மேல்மூடியும் கூடவே கழன்றுவிடும். கூட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: கண் இருந்த இடத்தில் ஒளி புகும் இரண்டு குமிழ்கள் மட்டும் இருக்கும்.

கையில் ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் இன்னும் நிறையப் பார்க்கலாம். முதுகின் நடுவில் தலையிலிருந்து கீழே ஒரே நேர்க்கோட்டில் பிளவு. கிழிந்த கிழிசல் மாதிரி கோணல்மாணலாக இருக்காது. அந்தக் கோட்டில் தோல் முன்கூட்டியே மெலிந்திருக்கும், அங்கேதான் விரியும். பிளவுக்குள்ளே வெள்ளை வெள்ளையாகச் சில நூல்கள் தொங்கும். பலரும் அதைச் சிலந்தி நூல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது மூச்சுக்குழல்களின் உட்தோல். பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடம்பின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, கிளைகிளையாகப் பிரியும் குழல்கள் வழியே உள்ளே போகிறது. அந்தக் குழல்களின் உட்புறமும் தோல்தான் என்பதால் அதையும் உருவிப் போட்டாக வேண்டும். குடலின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும்கூட இதே கதைதான். உடுப்பு மாற்றுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே மூச்சுக்குழலின் உள்பக்கம் வரை மாற வேண்டியிருக்கிறது!

அடுத்து முன்கால்களைப் பாருங்கள். மற்ற நான்கு கால்களோடு ஒப்பிட்டால் இரண்டும் தடித்து, அடிப்பகுதியில் முள்முள்ளாக இருக்கும். மண் தோண்டுவதற்கென்றே அமைந்த கால்கள் அவை. தலைக்கு முன்னால் புடைத்துக்கொண்டு, குறுக்குக் கோடுகள் விழுந்த ஒரு மேடு தெரியும். நெற்றி என்று தோன்றும். உண்மையில் அதற்குள் இருப்பது உறிஞ்சுகிற பம்பை இயக்கும் தசை. அங்கிருந்து மார்பின் அடியில் கால்களுக்கு நடுவே இறங்குவது உறிஞ்சுகுழலின் உறை. தோள்பட்டையில் குட்டையாக ஒட்டியிருப்பவை இறக்கைக்கான உறைகள். கூட்டைத் திருப்பி வயிற்றின் நுனியைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும்: பெண்ணுக்கு முட்டையிடும் உறுப்பு உருவாகும் இடத்தில் சிறிய பிளவுக்கோடு இருக்கும், ஆணுக்கு இருக்காது. சில இனங்களின் கூட்டில் மண் காய்ந்து அப்பியிருக்கும், சிலவற்றில் துடைத்து வைத்தாற்போல் பளபளப்பு. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கூட்டின் உணர்கொம்பில் எந்தக் கணு நீளம் என்று பார்த்து இனத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரு தோட்டத்தில் எத்தனை சிள்வண்டு வெளியே வந்தது என்று கணக்கெடுக்கவும் கூடுகளை எண்ணுவதே சுலபமான வழி. பறக்கிற பூச்சி ஒன்றையே இரண்டு தரம் எண்ணிவிடலாம். கூடு அப்படி ஏமாற்றாது, ஒரு பூச்சிக்கு ஒன்றுதான்.

கூடு கிடைத்த இடத்துக்குக் கீழே மண்ணையும் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம். விரல் நுழைகிற அளவில் வட்டமான துளை ஒன்று எங்காவது இருக்கும். எறும்புப் புற்றுக்கும் எலி வளைக்கும் வாயில் மண் குவிந்து கிடக்கும், இதற்கு அந்தக் குவியல் இருக்காது. தோண்டிய மண் எங்கே போனது? பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த பூச்சியியலாளர் ழான் ஹென்றி ஃபாபர் இந்தக் கேள்விக்காக நிறைய மெனக்கெட்டார். சிள்வண்டின் குஞ்சு தன் வயிற்றிலிருந்து நீரைப் பீய்ச்சி மண்ணைச் சேறாக்குகிறது. அந்தச் சேற்றைச் சுரங்கத்தின் சுவரில் அழுத்திப் பூசிவிடுகிறது. அதனால்தான் வெளியே தள்ள மண்ணே மிஞ்சுவதில்லை. கூட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த சேறும் இந்தக் கொத்துவேலையின் மிச்சம்தான்.

சரி, உரிப்பதை நேரில் பார்க்க முடியுமா என்றால், முடியும். பொறுமை வேண்டும், இருட்டிய பிறகு வெளியே உட்காரும் பழக்கம் வேண்டும், கொசுவைச் சகித்துக்கொள்ள வேண்டும். பகல் நன்றாகச் சுட்டு, மண்ணில் கொஞ்சம் ஈரமும் இருந்த நாள் என்றால் வாய்ப்பு அதிகம். சூரியன் மறைந்ததும் துளையிலிருந்து வெளியே வரும் குஞ்சு தரையில் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். முதலில் எதிர்ப்படும் செங்குத்தான பொருளில் ஏறிவிடும்; மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காது. அதனால்தான் குழாயும் மண்வெட்டியும். ஏறி நின்றதும் நகங்களை ஊன்றிப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அசையாமல் இருக்கும்.

பிறகு முதுகு பிளக்கும். பிளவின் ஊடே வெளிர்நிறத்தில், பல இனங்களில் இளம்பச்சையாக, புது உடம்பு பிதுங்கும். முதலில் முதுகு, பிறகு தலை, அப்புறம் கால்கள். வயிற்றின் நுனி மட்டும் கூட்டுக்குள் மாட்டியிருக்க, பூச்சி தலைகீழாக மல்லாந்து தொங்கும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். சிக்கிக்கொண்டது, உதவலாம் என்று கை நீளும். தொடவே கூடாது. கால்கள் இறுகுவதற்காகக் காத்திருக்கிறது அது. சுமார் அரைமணி நேரம்கூட அப்படியே தொங்கும். இறுகியதும் ஒரே வீச்சில் நிமிர்ந்து, தான் விட்டுவந்த கூட்டின் தலையையே பற்றிக்கொண்டு வயிற்றை உருவிவிடும். அந்தப் பழைய நகங்கள் பிடியை விட்டிருந்தால் இந்தக் கட்டத்தில் எல்லாம் முடிந்திருக்கும். உள்ளே ஆள் இல்லாத உடம்புதான் அப்போது புதியவரின் மொத்த எடையையும் தாங்குகிறது.

இறக்கைகள் முதலில் கசங்கிய சிறு முடிச்சுகளாக இருக்கும். நரம்புகளின் ஊடாக உடல்நீர் பாயப் பாய விரியும். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரியும் அளவுக்கு வேகம். விரிந்தவை காய்ந்து இறுகியதும் கூரை சரிவாக முதுகின் மேல் மடியும். நிறம் ஏற இன்னும் பல மணி நேரம் ஆகும். விடியும்போது பறக்கத் தயாராக இருக்கும். இடையில் கீழே விழுந்தாலோ, எதிலாவது இடித்தாலோ இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும், அதற்குப் பிறகு அந்தப் பூச்சிக்குப் பறத்தல் இல்லை. அதைவிடக் கொடுமை எறும்பு. மெத்தென்று தொங்கும் உடம்பை எறும்புக் கூட்டம் கண்டுபிடித்துவிட்டால் அது தப்பி ஓடவும் முடியாது. பாதி வெளியே வந்த நிலையில் காய்ந்துபோன கூடுகளும் தோட்டத்தில் கிடைக்கும். அவற்றை நான் எடுத்து வைப்பதில்லை.

இதையெல்லாம் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் கவனித்திருக்கிறார். குஞ்சு மண்ணுக்குள் வளர்கிறது, இரவில் வெளியே வருகிறது, ஓடு பிளந்து சிள்வண்டு வெளிப்படுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடி லென்சும் டார்ச் விளக்கும் இல்லாத காலத்தில்!

மண்ணுக்குள் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. வேரில் உறிஞ்சுகுழலைச் செருகிக் குடித்துக்கொண்டிருந்தது. அதுவும் இலையில் தயாராகி இறங்கும் இனிப்புச் சாற்றை அல்ல, வேரிலிருந்து மேலே ஏறும் பச்சைத் தண்ணீரை. சைலம் எனப்படும் அந்தக் குழாய்களில் ஓடுவது பெரும்பாலும் நீர்தான். சத்து மிகமிகக் குறைவு. போதாததற்கு அந்தக் குழாய்களில் நீர் மேல்நோக்கி இழுக்கப்பட்டுக்கொண்டிருப்பதால் தானாக வெளியே பீறிட்டு வராது, எதிர்த்து உறிஞ்ச வேண்டும். நெற்றியில் அவ்வளவு பெரிய பம்பு எதற்கு என்று இப்போது புரியும். மற்ற பூச்சிகள் அதிகம் சீண்டாத உணவு. போட்டி குறைவு. ஆனால் அதை மட்டும் குடித்து எப்படி உடம்பு வளரும்?

வளராது, தனியாக இருந்தால். சிள்வண்டின் உடம்புக்குள்ளேயே இரண்டு வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன: சல்சியா, ஹாட்ஜ்கினியா. உணவில் கிடைக்காத 10 அத்தியாவசிய அமினோ அமிலங்களில் எட்டை முதலாவது தயாரிக்கிறது, மீதி இரண்டை மற்றது. தாய் முட்டை வழியாகப் பிள்ளைக்கு இவற்றைக் கொடுத்தனுப்புகிறாள். சில ஜப்பானிய இனங்களில் ஹாட்ஜ்கினியா காணாமல் போய் அதன் இடத்தை ஒரு பூஞ்சை பிடித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பூச்சிகளைத் தாக்கிக் கொல்லும் பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவுக்காரப் பூஞ்சை அது. கொல்ல வந்த குடும்பத்தில் ஒருவர் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இப்படிச் சத்தில்லாத தண்ணீரைக் குடித்து வளர்வதால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். வாழ்நாள் அளந்து பார்க்கப்பட்ட இனங்களில் பலவற்றுக்கு மண்ணுக்குள் 2 முதல் 5 ஆண்டுகள். அங்கேயே நான்கு முறை தோலுரிக்கிறது. அந்த நான்கு சட்டைகளையும் நாம் பார்ப்பதே இல்லை. குழாயில் ஒட்டியிருப்பது ஐந்தாவது, கடைசி. அதற்குப் பிறகு சில வாரங்கள் பாட்டு, சேர்க்கை, முட்டை, அவ்வளவுதான்.

அதனால்தான் சிள்வண்டுக் கூட்டை மறுபிறப்பின் அடையாளமாகக் காட்டும்போது எனக்கு ஒட்டவே ஒட்டாது. பழமையான அடையாளம்தான், ஒப்புக்கொள்கிறேன். சீனாவின் ஹான் அரச காலத்தில் இறந்தவரின் நாக்கில் பச்சைக்கல்லில் செதுக்கிய சிள்வண்டு ஒன்றை வைத்துப் புதைத்தார்கள். மண்ணிலிருந்து எழுந்து வருகிற பூச்சியைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் தவறில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். வருடக்கணக்கில் வாழ்ந்தது கூட்டுக்குள் இருந்த, மண்ணைத் தோண்டுகிற அந்தக் குஞ்சு. இறக்கையோடு வெளியே வந்ததற்குக் கிடைப்பது சில வாரங்கள். நாம் எதை ஆரம்பம் என்று கொண்டாடுகிறோமோ அது அந்தப் பூச்சிக்குக் கடைசி அத்தியாயம். பாட்டுக்காரனாக நமக்கு அறிமுகமாவதால் பாடுவதுதான் அதன் வாழ்க்கை என்று எண்ணிவிடுகிறோம். அந்த வாழ்க்கை நடந்தது நம் காலடியில், இருட்டில், வேரோடு வேராக. அதற்கு மிஞ்சிய ஒரே சான்று இந்தப் பழுப்புக் கூடு.

பாட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கோபம் வரும். பாடுவது ஆண் மட்டும். வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் உடம்பின் ஒரு பாகத்தை இன்னொன்றோடு தேய்த்துச் சத்தம் எழுப்புகின்றன. சிள்வண்டு தேய்ப்பதில்லை. அதன் வயிற்றின் ஆரம்பத்தில் இரு பக்கமும் வரிவரியாக விறைத்த ஒரு சவ்வு இருக்கிறது. உள்ளிருக்கும் தசை இழுத்தால் சவ்வு உள்ளே மடங்கும், விட்டால் பழைய நிலைக்கு வரும். தகர டப்பா மூடியை விரலால் அழுத்தி விடும்போது 'டக் டக்' என்று வருமே, அதே வேலை. ஒரு விநாடிக்கு 300, 400 தடவை நடந்தால் நம் காதில் ஒரே இரைச்சலாக விழுகிறது. ஆணின் வயிறு பெரும்பாலும் காற்று நிரம்பிய வெற்றிடம் என்பதால் சத்தம் இன்னும் பெருகுகிறது. ஆப்பிரிக்காவில் ஓர் இனத்தின் குரலை அரை மீட்டர் தூரத்திலிருந்து அளந்தபோது 106.7 டெசிபெல் வந்தது. இவ்வளவு சத்தத்தில் அதற்கே காது போகாதா? பாடும்போது தன் செவிச்சவ்வைத் தளர்த்திக்கொள்கிறது, அதனால் தப்பிக்கிறது.

சிள்வண்டுக்குக் காது கேட்குமா என்று ஃபாபருக்குச் சந்தேகம் வந்து, ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் இரண்டு வெடிக்குழல்களை இரவல் வாங்கி வந்து மரத்தடியில் வைத்து வெடித்தார். மேலே பாட்டு ஒரு கணமும் நிற்கவில்லை. சிள்வண்டுக்குக் காது மந்தம் என்று முடிவுகட்டினார். உண்மையில் அதற்குக் காது இருக்கிறது, வயிற்றின் அடியில். ஆனால் அது தன் இனத்தின் சுருதிக்கு ஏற்ப அமைந்த காது. வெடிக்குழலின் தாழ்ந்த அதிர்வு அதன் உலகத்திலேயே சேர்த்தியில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை அதிகம், அதனால் இந்த முடிவை மன்னித்துவிடலாம். கண்ணாடி உடையாமலிருக்கத் தன் வீட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்கியவர் அவர்.

பாடுகிற மரத்தடியில் நின்றால் தூறல் விழுகிறதா என்று வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். மேகமே இருக்காது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறவர்கள் அதை எங்காவது விட வேண்டும் அல்லவா? சின்னப் பூச்சிகள் பொதுவாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வெளியேற்றும், ஏனென்றால் அந்த அளவில் நீரின் ஒட்டும் தன்மையை வென்று பீய்ச்சுவது கடினம். சிள்வண்டு பீய்ச்சுகிறது. 2024-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சாத் பாம்லாவும் எலியோ சலீட்டாவும் இதை அளந்து வெளியிட்டார்கள்: விநாடிக்கு 3 மீட்டர் வரை வேகம். குஞ்சாக இருந்தபோது சுரங்கச் சுவர் பூச உதவிய தண்ணீர் இப்போது நம் தலையில் விழுகிறது. பெரும்பாலும் வெறும் நீர்தான், துடைத்துக்கொண்டு போகலாம்.

எல்லா இடத்திலும் வருடந்தோறும் சிள்வண்டு வருகிறதே, பிறகு எதற்கு 2 ஆண்டு, 5 ஆண்டு என்று கேட்கலாம். தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுதான் காரணம். இந்த ஆண்டு வருவது ஒரு கூட்டம், அடுத்த ஆண்டு வருவது அதற்கு அடுத்த முட்டையில் பிறந்தது. ஆனால் சில இனங்கள் மொத்தமாக ஒத்துப்போய் ஒரே ஆண்டில் வெளியே வருகின்றன. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வாழும் மேஜிசிகாடா பேரினத்தில் 7 இனங்கள். சிலவற்றுக்கு 13 ஆண்டு, சிலவற்றுக்கு 17 ஆண்டு. சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியசைத் தொடுகிற வசந்த நாளில் ஏக்கருக்கு 15 லட்சம் வரைகூட எழுந்து வரும். 2024-இல் ஒரு 13 ஆண்டுக் கூட்டமும் ஒரு 17 ஆண்டுக் கூட்டமும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டும் அதற்கு முன் ஒன்றாக வந்தது 1803-இல்.

வருடத்தை எப்படி எண்ணுகிறது? மண்ணுக்குள் காலண்டர் கிடையாது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பன் குழுவினர் 15 வயதான குஞ்சுகளை எடுத்துப் பீச் மரத்தின் வேரில் விட்டார்கள். அந்த மரங்களை ஒரே ஆண்டில் இரண்டு முறை தளிர்த்துப் பூக்கும்படி செய்தார்கள். குஞ்சுகள் ஓர் ஆண்டு முன்னதாகவே வெளியே வந்துவிட்டன. 2000-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவை எண்ணுவது நாட்களை இல்லை. மரத்தின் பருவச் சுற்றை, அதாவது வேரில் ஏறும் சாற்றின் மாற்றத்தை. குடிக்கும் தண்ணீரின் ருசியை வைத்துக் கணக்கு வைத்திருக்கிறது. எண்ணிய எண்ணிக்கையை எங்கே எழுதி வைக்கிறது என்பது இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.

13, 17 இரண்டும் பகா எண்கள் என்பதால் இதைச் சுற்றி நிறையக் கணிதக் கதைகள் உலவுகின்றன: குறுகிய சுழற்சி கொண்ட எதிரிகளோடு ஒத்துப்போகாமல் தப்பிக்கத்தான் இந்த எண்கள் என்று. கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் ஒரு சிள்வண்டு இருக்கிறது, அங்கே நியாங்தாசர் என்பார்கள். 2013-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அது 4 ஆண்டுக்கு ஒருமுறை, உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கிற அதே ஆண்டுகளில் வருகிறது. ஃபிஜித் தீவின் நனாய் 8 ஆண்டுக்கு ஒருமுறை. அந்நாட்டின் 100 டாலர் நோட்டிலேயே அதன் படம் இருக்கிறது. நாலும் எட்டும் எந்தக் கணக்கில் பகா எண்? எல்லாரும் சேர்ந்து வருவதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. பறவையும் அணிலும் வயிறு முட்டத் தின்ற பிறகும் மிச்சம் இருக்கும் அளவுக்கு ஒரே நேரத்தில் வந்துவிட்டால் இனம் பிழைத்துக்கொள்ளும். மற்ற ஆண்டுகளில் தின்பதற்கு எதுவும் இல்லாததால் இவற்றை மட்டும் நம்பி எந்த எதிரியும் பெருக முடியாது.

எறும்பும் வெட்டுக்கிளியும் கதையில் கோடையெல்லாம் பாடிவிட்டுக் குளிரில் எறும்பிடம் கையேந்தும் சோம்பேறி, பழைய கிரேக்கக் கதையில் சிள்வண்டுதான். அநியாயமான கதை. ஃபாபர் தன் தோட்டத்தில் பார்த்தது நேர்மாறு: கடும் வறட்சியில் சிள்வண்டு மரப்பட்டையில் துளைபோட்டுக் குடிக்கும் இடத்தில் எறும்புகள் வந்து மொய்க்கின்றன, அதன் காலுக்கடியில் நுழைந்து தள்ளுகின்றன, கடைசியில் அதை விரட்டிவிட்டு ஊற்றைப் பிடித்துக்கொள்கின்றன. தவிர, குளிர் வரும்போது கடன் கேட்கச் சிள்வண்டு உயிரோடே இருக்காது.

தோட்டக்காரர்கள் கேட்பது வேறு கேள்வி: செடிக்குக் கெடுதலா? கடிக்காது, கொட்டாது, இலையைத் தின்னாது. பெண் மட்டும் மெல்லிய குச்சிகளைக் கீறி அதற்குள் முட்டை வைக்கும். அந்த நுனிகள் சில சமயம் பழுத்து ஒடிந்து தொங்கும். பெரிய மரத்துக்கு அது ஒரு கிள்ளல்கூட இல்லை. இரண்டு மூன்று வயதுக் கன்றாக இருந்து, சிள்வண்டும் ஏராளமாக வருகிற ஆண்டு என்றால் மட்டும் கண் நெருக்கமான வலையைப் போர்த்திவிடலாம். மருந்து அடிப்பது வீண்வேலை, மற்றப் பூச்சிகளைத்தான் அது முதலில் கொல்லும். கூடுகளைக் கூட்டிப் பெருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கைட்டின் சீக்கிரம் மட்காது, மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு மண்ணின் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். கூட்டில் மட்டுமில்லை, இறந்து விழும் பூச்சியிலும் நைட்ரஜன் இருக்கிறது. 2004-இல் லூயி யாங் என்ற ஆய்வாளர் இறந்த சிள்வண்டுகளைக் காட்டுத்தரையில் போட்டு வைத்துப் பார்த்தார்: மண்ணில் நைட்ரஜன் கூடியது, அங்கே வளர்ந்த செடிகளின் விதைகள் பெருத்தன. வேரிலிருந்து எடுத்ததை வட்டியில்லாமல் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

அதற்கு நிஜமான எதிரி சிமெண்ட். மரத்தை வெட்டினால் வேரை நம்பியிருக்கும் குஞ்சுகள் அங்கேயே போயின. மரத்தை விட்டுவிட்டுத் தரையை மூடினால் அவை வளர்ந்து, நேரம் வந்து, மேலே ஏறி வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அமெரிக்காவில் எண் போட்டுக் கண்காணித்த சிள்வண்டுக் கூட்டங்களில் 11-ஆவது, கனெக்டிகட் ஆற்றுப் பகுதியில் இருந்தது. 1954-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 17 ஆண்டுக்கு ஒருமுறை வருகிற ஒன்று காணாமல் போனதை உறுதிசெய்யவே இன்னொரு 17 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. பின்பக்கம் முழுவதும் தளம் போட்டுவிடலாம், மழைக்குச் சேறாகிறது என்றாள் மனைவி. கூடுகளைக் காட்டி என் வாதத்தை எடுத்துவைத்தேன். "உங்க பூச்சிக்காக நான் சேத்துல வழுக்கி விழணுமா?" என்றாள். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் நடக்கிற பாதைக்கு மட்டும் கல் பதிப்பது, மரத்தைச் சுற்றிக் கிளை விரிந்த அளவுக்கு மண்ணாகவே விடுவது என்று உடன்பாடு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னேன். கொத்தனார் நிமிர்ந்து பார்த்து, "புல் முளைச்சிடும் சார்" என்றார். முளைத்தால் பிடுங்குவது என் வேலை என்று மனைவிக்கு எதிரே ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் அடுத்த கல்லை எடுத்து வைத்தார்.